நீலத்துக்கு அடியில் பொன், பொன்னுக்கு அடியில் சிவப்பு

பரதவர் வழக்குச் சொற்களைத் தொகுக்கும் பொருட்டு, தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டிய சிற்றூர் ஒன்றிற்குச் சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலருடன் சென்றிருந்தோம். கோயில் திருவிழாவின் கொடியேற்றத்துக்குப் பத்து நாள்களே இருந்தன. பக்கத் தாழ்வாரத்தில் பெயிண்டர் ஒருவர் அமர்ந்து ஒரு மரப்பலகையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். அருகிற் சென்றபோதுதான் அது புடைப்புச் சிற்பம் என்பது விளங்கியது. ஒரு முழ உயரம். கையில் குழந்தையை ஏந்திய மாதா. உருவம் பலகையினின்று இரண்டு விரற்கடை அளவே எழுந்து நின்றது. மேலே இருந்தது கடையில் வாங்கிய எனாமல் நீலம். அது போன இடத்தில் மங்கலான வேறொரு நீலம். தோளருகே அதுவும் தேய்ந்த இடத்தில் பொன் மின்னியது. பொன்னின் ஓரத்தில் காவி போன்ற சிவப்பு, அதற்கும் கீழே சுண்ணம் போன்ற வெண்மை, பிறகு மரம். ஒரு கட்டைவிரல் அகலத்துக்குள் ஐந்து அடுக்குகளும் வரிசையாகத் தெரிந்தன.

"பழசு முழுக்கப் போனாத்தான் ஐயா புதுசு நிக்கும். பட்டி பாத்து, பிரைமர் அடிச்சு, அதுக்குப் பெறகு ரெண்டு கோட்டிங்" என்றார் அவர். தொழில் தெரிந்தவர்; அவருடைய தொழிலின் கணக்கில் அவர் சொன்னதில் பிழையில்லை. நாம் மறுமொழி தேடுவதற்குள் அந்தப் பொன்னும் தூளாகி அவர் முழங்காலின் மேல் உதிர்ந்துவிட்டது.

அந்தத் தூளோடு எது போயிற்று என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு நாம் முத்துக்குளித்துறையை விட்டுச் சற்றுத் தொலைவு, 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவுக்குச் சென்று திரும்ப வேண்டியுள்ளது.

பிளாரன்ஸ் நகரத்துச் சுதை

வெண்மை, சிவப்பு, பொன், வண்ணம் என்னும் இந்த வரிசை தற்செயலாக அமைந்ததன்று. இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி ஏறத்தாழ 1400ஆம் ஆண்டளவில் எழுதிய தொழில்நூல் இதனைப் படிப்படியாக விளக்குகிறது. முதலில் மரத்தின்மேல் விலங்குத்தோலைக் காய்ச்சி எடுத்த பசை. வெடிப்பும் இணைப்பும் உள்ள இடங்களில் துணி ஒட்டுவர். அதன்மேல் ஜிப்சத் தூளைப் பசையிற் குழைத்த 'ஜெஸ்ஸோ' என்னும் வெண்பூச்சு. முதலிற் கரடாகவும் பின்னர் மென்மையாகவும் பலமுறை பூசித் தந்தம்போல் வழவழப்பாக்குவர். பொன் ஏற வேண்டிய இடத்தில் செம்மண் குழம்பு. அதன்மேல் பொற்றகடு. பின்னர் வழவழப்பான கல்லாலோ நாயின் பல்லாலோ தேய்த்து மெருகேற்றுவர். அடியில் செம்மண் இருப்பதனாலேயே பொன்னுக்கு வெம்மையான ஒளி கிடைக்கிறது.

பொன்னோடு வேலை முடிவதில்லை. அதன்மேல் வண்ணம் பூசி, உலர்ந்தபின் கூர்முனைக் கோலால் கீறினால் அடியிலுள்ள பொன் கோடுகளாக வெளிப்படும். மரத்தாலான உடை சரிகைப் பட்டாகத் தோன்றும். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் இந்த வேலைக்கு 'எஸ்தொஃபாதோ' என்று பெயர். மாதாவின் தோளில் நாம் கண்ட நீலமும் பொன்னும் சிவப்பும் இந்த முறையின் வாரிசுகளாக இருந்திருக்கக்கூடும்.

மறுமலர்ச்சிக் காலச் சிற்பம் என்றதும் நம் மனத்தில் எழுவது வெண்பளிங்கு. ஆயினும் 15ஆம் நூற்றாண்டில் பிளாரன்ஸ் நகரத்தார் தம் கோயில்களிலும் வீடுகளிலும் வணங்கிய மர உருவங்களும் சுடுமண் உருவங்களும் சுதை உருவங்களும் பெரும்பாலும் வண்ணம் பூசியவை. அக்காலத்தின் தலைசிறந்த சிற்பியான தொனாத்தெல்லோ, சான் லொரென்சோ ஆலயத்தின் பழைய திருப்பண்ட அறையில் நற்செய்தியாளர் நால்வரின் உருவங்களையும் அருளப்பர் வாழ்க்கைக் காட்சிகள் நான்கினையும் வட்ட வடிவப் புடைப்புச் சிற்பங்களாக அமைத்தார். அவை வண்ணச் சுதையால் ஆனவை. அவர்கள் 'ஸ்துக்கோ' என்று வழங்குவதும் நாம் சுதை என்று வழங்குவதும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் கொத்தர்கள் சுண்ணாம்பில் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்தனர். அவர்களுடைய கலவை சற்று வேறு. ஈரமாக இருக்கும்போது உருவாக்கி, உலர்ந்தபின் வண்ணம் தீட்டும் முறை இரண்டுக்கும் பொதுவானது. அந்த வகையில், கோபுரத்தில் பொம்மை செய்யும் நம் ஊர்க் கலைஞரும் தொனாத்தெல்லோவும் ஒரே தொழிலைச் செய்தவர்கள் என்று சொன்னால் மிகையாகாது.

புடைப்புச் சிற்பத்துக்கு வண்ணம் ஏன் வேண்டும்? தனித்து நிற்கும் சிலையைச் சுற்றி வந்து பார்க்கலாம். அதன் உருவரையைக் காற்றே வரைந்து காட்டும். புடைப்புச் சிற்பமோ சுவரோடு ஒட்டியது. மெழுகுதிரி வெளிச்சத்தில், இருபதடி தொலைவில் நிற்பவருக்கு இரண்டு விரற்கடை எழுச்சி புலப்படுவதில்லை. பின்புலத்துக்கு நீலமும் உடைக்குப் பொன்னும் முகத்துக்கு ஊன்நிறமும் தீட்டியபோதுதான் உருவம் சுவரினின்று பிரிந்து முன்வரும். லூக்கா தெல்லா ரோப்பியா இதனை நன்கு உணர்ந்தவர். 1442 முதல் 1445 வரை பிளாரன்ஸ் பேராலயத்துக்கு அவர் செய்த உயிர்ப்புக் காட்சியில் வெண்ணிற உருவங்கள் நீலப் பின்புலத்தின்மேல் நிற்கின்றன. சுடுமண்ணின்மேல் வெள்ளீயம் கலந்த கண்ணாடிப் பூச்சிட்டுச் சூளையில் மீண்டும் சுட்டமையால் அந்த நிறங்கள் இன்றும் மங்காமல் உள்ளன.

செல்வர்க்கு மட்டும் உரிய கலையாகவும் இது இருந்ததில்லை. நெரி தி பிச்சி என்னும் பிளாரன்ஸ் ஓவியர் 1453 முதல் 1475 வரை எழுதிவைத்த கணக்கேடு கிடைத்துள்ளது. தெசிதேரியோ போன்ற சிற்பிகளின் மாதா உருவங்களை அச்சில் வார்த்தெடுத்து அவரிடம் கொண்டு வந்ததையும், அவர் அவற்றுக்கு வண்ணமும் பொன்னும் தீட்டிக் கொடுத்ததையும் அதில் காண்கிறோம். பளிங்கு வாங்க இயலாத வீட்டில் வார்ப்புச் சுதை மாதா இருந்தாள். அவளை வீட்டுக்கு உரியவளாக ஆக்கியது வண்ணம்.

தீட்டியவரின் தகுதி

சிற்பிதான் படைப்பாளி, வண்ணம் பூசியவர் வெறும் கூலியாள் என்னும் எண்ணம் பிற்காலத்தது. எண்ணெய் வண்ணத்தில் ஒப்பற்றவரான யான் வான் எய்க், 1435இல் புரூஜ் நகர மன்றத்தின் முகப்புச் சிலைகளுக்கு வண்ணமும் பொன்னும் தீட்டியதற்காகப் பணம் பெற்றுள்ளார். அவரைப் போன்றவர் இழிவெனக் கருதாத வேலை அது.

இன்னொரு நிகழ்ச்சி நம் பொருளுக்கு மேலும் நெருங்கியது. ஜெர்மனியின் ம்யூனர்ஷ்டாட் என்னும் சிறுநகரத்துக் கோயிலுக்குத் தில்மன் ரீமன்ஷ்னைடர் 1490 முதல் 1492 வரை ஒரு மரப் பீடம் செய்து கொடுத்தார். மரிய மதலேனாளின் வரலாறு அதன் கதவுகளிற் புடைப்புச் சிற்பமாக அமைந்தது. மரத்தின் இயல்பு நிறமே போதும் என்று அவர் அதனை வண்ணமின்றி விட்டார். இன்று அது பெரும் புதுமையாகப் போற்றப்படுகிறது. ஊராருக்கோ அது நிறைவளிக்கவில்லை போலும். 1504இல் ஃபைட் ஷ்டோஸ் என்னும் மற்றொரு பெருஞ்சிற்பியை அழைத்து அதற்கு வண்ணமும் பொன்னும் தீட்டச் செய்தனர்.

அவ்வூராரின் மனநிலை தமிழ் படித்தவர்க்கு அயலானதன்று. நெடுநல்வாடையில், பிரிவுத் துயரால் அணிகலன் துறந்து கிடக்கும் அரசியை, வண்ணம் தீட்டப்படாத ஓவியத்துக்கு ஒப்பிடுவார் நக்கீரர். கோடுகள் எல்லாம் உள்ளன, அழகும் உள்ளது. வர வேண்டியது இன்னும் வரவில்லை. வண்ணமில்லாத உருவம் காத்திருக்கும் உருவம் என்பது நம் பழைய கருத்து.

கடல் கடந்து வந்த பீடம்

போர்ச்சுகலுக்கு இக்கலையின் சிறந்த வடிவம் பிளெமிஷ் நாட்டிலிருந்து வந்தது. கோயிம்பிரா நகரின் பழைய பேராலயத்துப் பெரும்பீடத்தை 1498 முதல் 1502 வரை செய்தவர்கள் கெண்ட் நகரத்து ஒலிவியேயும் ஈப்பர் நகரத்து ஜானும். வானளாவிய மரவேலைப்பாடு, பொன், நீலம், ஊன்நிறம் என யாவும் அதில் உண்டு. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய ஆண்டும் 1498 என்பதை இங்கு நினைவுகூரலாம். அந்தப் பீடத்தின் முன் மண்டியிட்ட தலைமுறைதான் நம் கடலுக்கு வந்தது. கோவாவில் 1562இல் கட்டத் தொடங்கிய பேராலயத்தின் பெரும்பீடத்தில், அலெக்சாந்திரியாவின் கத்தரீனம்மாளின் வரலாறு பொன் பூசிய புடைப்புச் சிற்பங்களாக இன்றும் ஒளிர்வதைக் காணலாம்.

முத்துக்குளித்துறையின் பரதவர் 1530களின் நடுவில் கத்தோலிக்கம் தழுவினர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இங்கு வந்தார். வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்னும் ஏழு கடற்றுறைகளிலும் கோயில்கள் எழுந்தன. ஓலைக்கூரைக் கோயில்களுக்கும் ஒரு மாதா வேண்டும், ஒரு பாடுபட்ட சொரூபம் வேண்டும். அவை எங்கிருந்து வந்தன?

லிஸ்பனிலிருந்து சில வந்திருக்கும், கோவாவிலிருந்து பல. யாவும் வெளியிலிருந்தே வந்தன என்று கருதுவதற்கில்லை. 1540களிலேயே போர்ச்சுகல் மன்னர் மூன்றாம் ஜோவான், இந்துக் கலைஞர் கிறித்தவத் திருவுருவங்களைத் தீட்டுவதையும் விற்பதையும் தடுக்குமாறு கோவாவுக்கு ஆணையிட்டார். 1567இல் கோவாவில் கூடிய திருச்சபை மன்றமும் அத்தகைய தடையை வலியுறுத்தியது. ஒரே தடையை இருபது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் விதிக்க நேர்ந்தது என்றால், அதன் பொருள் வெளிப்படை. நம் நாட்டுக் கைகள் மாதாவுக்குக் கண் திறந்துகொண்டே இருந்தன.

அக்கைகளுக்கு அந்த வேலை புதிதுமன்று. புகார் நகரத்து மாடச் சுவர்களில் வானவர் முதலாக எல்லா உயிர்களின் உருவங்களையும் கைதேர்ந்தோர் வெண்சுதையில் அமைத்திருந்ததையும், மக்கள் நின்று கண்டு களித்ததையும் மணிமேகலை கூறுகிறது. காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலின் 8ஆம் நூற்றாண்டு மணற்கல் புடைப்புச் சிற்பங்களின்மேல் சுதையும் வண்ணமும் ஒட்டியிருப்பதை இன்றும் பார்க்கலாம். கல்லைச் செதுக்கி, சுதை பூசி, வண்ணம் தீட்டி, கண் திறந்து முடிப்பதே இங்கும் முறை. பிளாரன்ஸின் ஜெஸ்ஸோவும் தமிழகத்தின் சுதையும் முத்துக்குளித்துறையில் சந்தித்தபோது அவை ஒன்றையொன்று அறிந்துகொள்ள நெடுங்காலம் ஆகியிராது.

1555ஆம் ஆண்டும் மணிலாவும்

இக்கரையின் வண்ணச் சொரூபங்களுள் தலையாயது தூத்துக்குடிப் பனிமய மாதா. ஆண்டுதோறும் ஜூலை 26 முதல் ஆகஸ்டு 5 வரை நடைபெறும் திருவிழாவுக்குச் சாதி சமய வேறுபாடின்றி மக்கள் திரள்வதை நாம் அறிவோம். மணிலாவில் இருந்த கன்னியர் மடம் ஒன்றிலிருந்து 'சாந்தா எலேனா' என்னும் கப்பலில் 1555ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் இச்சொரூபம் தூத்துக்குடி வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

வரலாற்று மாணவர்க்கு இங்கு ஓர் இடர்ப்பாடு எழுகிறது. லெகாஸ்பியின் தலைமையில் ஸ்பானியர் பிலிப்பைன்ஸ் தீவுகளில் நிலைகொள்ளத் தொடங்கியது 1565இல். மணிலாவை அவர்கள் தம் நகரமாக்கியது 1571இல். ஆகவே 1555இல் அங்கே கன்னியர் மடம் இருந்திருக்க இயலாது. ஆண்டு சரியென்றால் இடம் மாற வேண்டும். இடம் சரியென்றால் ஆண்டு கீழிறங்க வேண்டும்.

மரபைப் பழிப்பதற்காக இதனைச் சொல்லவில்லை. இரண்டு வழிகளுக்கும் இடமுண்டு என்பதே நம் கருத்து. 1555ஐக் கொண்டால், அக்காலத்தில் சொரூபங்கள் எத்தகைய நெடும்பயணம் செய்தன என்பதற்கு ஒரு சான்று உண்டு. மகெல்லன் 1521இல் செபுத் தீவில் அளித்த குழந்தை இயேசு சொரூபத்தை 1565இல் லெகாஸ்பியின் படைவீரர் கண்டெடுத்தனர். அது பிளெமிஷ் பாணியிலான வண்ண மரச்சிற்பம். அப்படியானால் 1555இல் கோவா வழியாக ஒரு பிளெமிஷ் மாதாவோ போர்ச்சுகீசிய மாதாவோ தூத்துக்குடிக்கு வந்ததில் வியப்பில்லை.

மணிலாவைக் கொண்டால், 1590இல் அந்நகரத்து ஆயர் தொமிங்கோ தெ சாலசார் எழுதிய மடல் துணைக்கு வருகிறது. அங்கே குடியேறிய சீனக் கைவினைஞர் தந்தத்தில் செய்யும் குழந்தை இயேசு உருவங்களைக் கண்டு அவர் வியந்து எழுதுகிறார். 1580 முதல் 1640 வரை ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒரே மன்னரின் கீழ் இருந்தமையால் மணிலாவுக்கும் நம் கரைக்கும் இடையிலான வழி முன்னினும் எளிதாயிற்று. 18ஆம் நூற்றாண்டிலும் இத்தொடர்பு பேசப்படுகிறது. வீரமாமுனிவர் கோனான்குப்பத்துப் பெரியநாயகி மாதாவைத் தமிழ்ப்பெண்ணின் கோலத்தில் வரைந்தனுப்பி மணிலாவில் செய்வித்தார் என்பது அவ்வூர் மரபு. தூத்துக்குடியில் சேசு சபையார் எழுப்பிய பழைய ஆலயம் அருச்சிக்கப்பட்டது 1582இல். இருவேறு காலங்களில் வந்த இருவேறு சொரூபங்களின் நினைவு பிற்காலத்தில் ஒன்றாகக் கலந்ததோ என்று நாம் ஊகிக்கலாம். அது ஊகம் மட்டுமே.

இத்தகைய வினாவுக்கு விடை பெரும்பாலும் ஏட்டில் இராது. கப்பல் பதிவுகள் கரையானுக்கும் கடலுக்கும் போயின. விடை பொருளிலேயே உள்ளது. மரம் எந்த நாட்டுக்கு உரியது, வெண்பூச்சு ஜிப்சமா கிளிஞ்சற் சுண்ணமா, பொன்னுக்கு அடியில் செம்மண் உண்டா, பழைய நீலம் ஆப்கானிய நாட்டு இலாசுவர்தமா அதனினும் மலிவான செப்புத்தாதுவா என்பவற்றைப் பழைய பூச்சின் கடுகளவு துணுக்கிலிருந்தே இன்றைய அறிவியலால் சொல்லிவிட முடியும். பெரிய ஆலயத்துக்கு மட்டுமன்றி, நாம் தாழ்வாரத்தில் கண்ட பெயரறியாப் பலகைக்கும் இது பொருந்தும். கரையோரக் கோயில்களின் வரலாற்றில் எழுதப்படாத பகுதி சொரூபங்களின் தோளிலும் முந்தியிலும் அடுக்கடுக்காக இருக்கிறது.

வெள்ளையடித்தவர்கள்

1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். அவர்களுடைய சீர்திருத்தச் சபைக்குத் திருவுருவங்கள் ஆகாதவை. கோயிம்பிராவுக்குக் கலைஞரை அனுப்பிய அதே நாட்டுப் பகுதிகளில் 1566இல் திருவுருவங்களை உடைக்கும் இயக்கம் வீசியடித்ததையும், பீடங்கள் நொறுக்கப்பட்டுச் சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டதையும் நாம் படித்திருக்கிறோம். அந்த வெண்மை நூறாண்டுக்குள் நம் கரைக்கும் வந்து சேர்ந்தது. பரதவரின் கோயில்கள் அவர்கள் கையிலிருந்து போயின. 1672இல் நூல் வெளியிட்ட ஒல்லாந்தப் போதகர் பால்தேயுஸ், இம்மக்கள் தம் பழைய வழிபாட்டு முறைகளை விடாப்பிடியாகப் பற்றியிருந்ததை மனக்குறையோடு குறித்துச் செல்கிறார்.

அக்காலத்தில் சொரூபங்கள் இரவோடிரவாக ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லப்பட்டு மறைத்துக் காக்கப்பட்டன என்பது கரையோர மரபு. பனிமய மாதாவைப் பற்றியும் அவ்வாறே சொல்வர். தந்தை விஜிலியுஸ் மான்சியின் முயற்சியால் இன்றைய ஆலயம் 1713இல் எழுந்தபின் அவள் நிலையாக அமர்ந்தாள். அவ்வாலயம் 1982இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. மறைத்து வைத்த சொரூபம் வெளியே வந்தபோது ஒரு புதுப்பூச்சு. கோயில் கட்டியபோது ஒன்று. கொள்ளைநோய் தணிந்தபோது நேர்த்திக்கடனாக ஒன்று. முத்துக்குளிப்பில் நல்ல பலன் கிட்டிய ஆண்டில் ஒன்று. இவ்வாறுதான் ஊர்க் கோயிற் சொரூபங்களின் மேல் அடுக்குகள் ஏறியிருக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்கும் ஒரு நன்றிக்கடன். அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோன இக்கரையில், அந்த நல்ல ஆண்டுகளின் பொன் எங்காவது எஞ்சியிருந்தால் அது சொரூபத்தின் மேல்தான்.

பூச்சும் சுரண்டலும்

தாழ்வாரத்தில் நாம் தயங்கி நின்றபோது, பூக்கட்டிக்கொண்டிருந்த முதிய அம்மையார் ஒருவர் நம்மைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் ஐயா, திருநாளுக்கு நாம புதுத்துணி உடுத்துவோம், மாதா மட்டும் பழசோட நிக்கணுமா?"

அருமையான கேள்வி. அருங்காட்சியகக் கண்ணோடு பேசுபவர் இக்கேள்விக்கு விடையிறுக்காமல் மேலே செல்லக்கூடாது. உப்புக்காற்று வீசும் கரையில் வண்ணம் உரியும். உரிந்த முகத்தோடு மாதாவை நிறுத்தி வைப்பது அன்புடைய எவர்க்கும் இயலாது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கின்போது கோபுரத்துச் சுதை உருவங்களுக்கு வண்ணம் புதுக்குவதும் இதே உணர்ச்சிதான். வண்ணம் மங்கிய பழமையை அழகென்று கொள்ளும் சுவைக்கு வயது குறைவு. 18ஆம் நூற்றாண்டில் விங்கெல்மன் கிரேக்கச் சிற்பத்தின் வெண்மையைப் புகழ்ந்து எழுதியபின் அச்சுவை வலுப்பெற்றது. அதற்கு ஏற்ப, 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சேகரிப்பாளர் பலர் மறுமலர்ச்சிக் காலப் புடைப்புச் சிற்பங்களின் பழைய வண்ணத்தை நீக்கித் 'தூய்மை' செய்தனர். ஆக, வண்ணத்தை வெறுத்தவரும் சுரண்டினர்; வண்ணத்தை விரும்பிய நம்மவரும் சுரண்டுகின்றனர்.

புதுப்பூச்சு பழையதைக் கொல்வதில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றில் நாயக்கர் காலத்தவர் சோழர் ஓவியங்களின் மேலேயே தம் ஓவியங்களைத் தீட்டினர். 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி அவ்விடத்தை ஆராய்ந்தபோது, உதிர்ந்த மேற்பூச்சின் கீழே இராசராசன் காலத்து வண்ணம் உயிரோடு இருந்தது. நாயக்கர் காலத்தவர் சுவரைச் சுரண்டியிருந்தால் இன்று சோழர் ஓவியத்தைப் பற்றிப் பேச நமக்கு மிகச் சிலவே இருந்திருக்கும். பிளாரன்ஸிலும் இதுவே நிகழ்ந்தது. தொனாத்தெல்லோவின் மரத்தாலான மதலேனாள், பழுப்புப் பூச்சின் கீழ் நெடுங்காலம் கிடந்தாள். 1966 நவம்பரில் ஆர்னோ ஆற்று வெள்ளம் அவளை நனைத்தது. அதன்பின் மேற்பூச்சை மெல்ல நீக்கியபோது ஊன்நிறமும், கூந்தலில் பொன்னிழைகளும் வெளிப்பட்டன. மூடியவர்கள் அறியாமலே காப்பாற்றியிருந்தனர்.

ஆதலின் அம்மையாரின் கேள்விக்கு நம் விடை இதுதான். மாதாவுக்குப் புதுத்துணி உடுத்தலாம். பழையதைக் கிழித்தெறியாமல் உடுத்தலாம். உப்புத்தாளும் காரமும் வேண்டா. உரிந்து தொங்கும் துணுக்குகளைத் தூர எறியாமல் ஒரு தாளில் மடித்து, நாளைக் குறித்து, திருப்பண்ட அறையில் வைக்கலாம். பூசுமுன் முன்னும் பின்னும் ஒளிப்படம் எடுக்கலாம். இன்று எல்லார் கையிலும் கருவி இருக்கிறது. யார், எந்த ஆண்டு, எந்த வண்ணம் பூசினார் என்பதைக் கோயிற் குறிப்பேட்டில் ஒரு வரியாக எழுதலாம். கண்ணுக்குப் படாத ஓர் ஓரத்தில் இரு விரல் அகலம் பழையதை அப்படியே விடலாம். மிகப் பழையதென்று ஐயம் எழுந்தால், துறை அறிந்தவரை அழைக்கும்வரை பொறுக்கலாம். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குச் செலவில்லை, வழிபாட்டுக்கும் இடையூறில்லை.

இவற்றையெல்லாம் அன்று அந்தத் தாழ்வாரத்தில் இவ்வளவு கோவையாக நாம் சொல்லவில்லை. "சுரண்டாமல் பூச முடியாதா?" என்று மட்டுமே கேட்டோம். பெயிண்டர் சிறிது நேரம் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோளும் மார்பும் முகமும் அதற்குள் மரம் தெரியத் தேய்ந்திருந்தன. எஞ்சியது மேலாடையின் கீழ் ஓரம்.

"இந்த அடிப்பக்கத்த அப்படியே விட்டுருதேன் ஐயா. லேசா தொடச்சிட்டு மேலயே அடிச்சிரலாம். பூ வச்சா எப்படியும் மறஞ்சிரும்" என்றார்.

திருவிழா அன்று மீண்டும் சென்றோம். மாதா புதிய நீலத்தில் சப்பரத்தில் நின்றாள். அவள் காலடியில், மல்லிகைக்கும் எனாமலுக்கும் அடியில், நான்கு விரல் அகலத்தில் பழைய நீலமும் பொன்னும் சிவப்பும் வெண்மையும் வரிசை குலையாமல் இருக்கின்றன. எப்போதோ ஒருநாள் அவற்றைப் பார்க்கத் தெரிந்தவர் எவரேனும் அவ்வூருக்கு வருவார்.